நூறு கிலோ ஆபரேட்டர்

ஒரகடத்தில் லாரிகளை எடைபோடும் மேடைக்கு அவர்தான் ஆபரேட்டர். அவருக்கு முன்னால் அவர் தொந்தி வரும். ஷிப்ட் முடிந்ததும் தானே மேடையில் ஏறி நிற்பார். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அவருக்கு எப்போதும் நூறு.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்று தெரிந்தும், தினமும் அவரோடு பேசிக்கொண்டிருக்க அங்கே போகும், வேதியியல் வாத்தியாராக இருந்த நான், என் மருமகன் விற்ற இளைக்கும் பவுடரைக் கொடுத்து, "சோத்துக்குப் பதிலா இதைக் குடிப்பா" என்றேன். மாத்திரையோடு பட்டினி கிடந்தவர், நாலாம் நாள் என் கண்ணெதிரே மேடையில் மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும், "வுழுந்தப்போ எவ்ளோ காட்டுச்சு சார்?" என்றார்.

"நூறு" என்றேன்.

"த்தூ! உன் பவுடர எருமைக்குக் கலக்கு சார்."

பிறகு டாக்டர் சொன்னபடி சோற்றைக் குறைத்தார், நடந்தார். சில மாதங்களில் மேடை தொண்ணூறு காட்டியது. பார்க்க முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். ஏன் என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.