வலையோரம் நின்றவள்

பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ்கட்டிகளை என் இடது முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் அக்கா. மலாக்கா நகரத்தில் நாங்கள் பயிற்சி செய்த மண்டபத்தின் பின்பக்கம், யாரும் வராத தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச்சாரிக் கோப்பிக்கடையில் ஐஸ் கேட்டு வாங்கி வந்தவளும் அவள்தான். இரண்டு வாரமாகக் குதித்து இறங்கும்போதெல்லாம் முட்டிக்குள் ஏதோ சுருக்கென்று குத்தியது. வீட்டில் சொல்லவில்லை. பயிற்சியாளரிடம் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். “யார்கிட்டயும் மூச்சு விடாத. நானும் சொல்ல மாட்டேன்லா” என்றாள். சொல்லிவிட்டு, என் காலிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீரைத் தன் துண்டால் துடைத்தாள்.

அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. பெண்கள் இரட்டையர் பூப்பந்தாட்டத்தில் என் ஜோடி. என்னைவிட மூன்று வயது மூத்தவள், டவுனில் வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நான் அலோர் காஜாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். அம்மா ரப்பர்ப்பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். அப்பா சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் காண்டிராக்ட் வேலை பார்த்தார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஆட்டம் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசியவர்களிடமெல்லாம், இவள் கோலாலம்பூர் போய்விடுவாள், பாருங்கள் என்று அப்பா ஒற்றை வரியில் பதில் சொல்லி வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வார்த்தை பலிக்கும்போல்தான் இருந்தது. மூன்று வருடங்கள் மாநிலத்தில் எங்களை வெல்ல ஜோடி கிடையாது. தலைநகரத்துக் கிளப் ஒன்று, சம்பளமும் தங்குமிடமும் கொடுத்து முழுநேரமாக ஆட வைப்பதற்கு ஒரு ஜோடியைத் தேடியது. தேர்வு ஆட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அந்த ஐஸ்.

இரட்டையர் ஆட்டத்தில் நான் முன்னால், வலையோரம் நிற்பவள். அக்கா பின்னாலிருந்து அடிப்பாள். முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கவே கூடாது. திரும்பினால் எதிராளியின் அடி முகத்தில் விழும். பின்னால் இருப்பவள் எங்கே நிற்கிறாள், எந்தப் பக்கம் அடிக்கப்போகிறாள் என்பதை அவள் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அக்காவின் காலடி எனக்கு அப்படித் தெரியும். கூட்டத்தில் நடந்து வந்தாலும் அவள்தான் என்று கண்டுபிடித்துவிடுவேன்.

கோலாலம்பூரில் நன்றாகவே ஆடினோம். முட்டியை இறுகக் கட்டி, அதன்மேல் நீளக் காலுறை இழுத்துவிட்டிருந்தேன். வலித்தது, ஆனால் கால் தடுமாறவில்லை. ஆட்டம் முடிந்து நான் உடை மாற்றிக்கொண்டு வந்தபோது, அக்கா அந்தக் கிளப்பின் பயிற்சியாளரோடு நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. என்ன கேட்டார் என்றேன். சும்மா வீட்டைப் பற்றி விசாரித்தார் என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோர இடத்தை எனக்கே கொடுத்தாள். இறங்கி ஏறிய இடத்தில் பிசாங் கோரேங் வாங்கி, சூடாக இருந்த பழப்பொரியலை ஊதி ஊதி என் கையில் வைத்தாள். கிளப் விடுதியில் ஒரே அறை கேட்க வேண்டும், கட்டில் சன்னல் பக்கம் எனக்குத்தான் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். பிறகு அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். மலாக்கா வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கடிதம் வரவில்லை. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசில்தான் கிடக்கும். தினமும் போய் அங்கே கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டேன். முதலில் சிரித்துக்கொண்டே இல்லை என்றவர், போகப்போக என் முகத்தைப் பார்க்காமலேயே இல்லை என்றார். முட்டிக்கு ஓய்வு கொடுத்திருந்த நான் மூன்றாவது வாரம்தான் மண்டபத்துக்குப் போனேன். அக்கா பயிற்சிக்கு வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எங்கள் பயிற்சியாளர், நல்ல மனிதர், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

“அவ போன வாரமே கேஎல் போய்ட்டாளே. ஜொகூர்ப் பொண்ணு ஒருத்தியோட ஜோடி போட்டிருக்காங்க. உனக்கு முட்டி சரியில்ல, ரொம்ப நாள் தாங்காதுன்னு உன் பார்ட்னரே சொல்லிட்டாளாம். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

அந்த நடைபாதையும் பஸ்ஸும் ஒரே நொடியில் ஒன்றாகச் சேர்ந்தன. சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் எனக்குப் பழப்பொரியலை ஊதிக் கொடுத்திருக்கிறாள்.

அரசாங்க கிளினிக் டாக்டர், மூன்று மாதம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார். அப்படியே சரியானது. வேறொரு பெண்ணை என்னோடு ஜோடி சேர்த்தார்கள். நல்ல ஆட்டக்காரி. ஆனால் நான் வலையோரத்தில் நின்றபடி திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். எத்தனை சொல்லியும் கழுத்து கேட்கவில்லை. ஒருநாள் பந்து நேராகக் கண்ணுக்குக் கீழே அடித்தது. வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டேன். லயத்தில் யாரிடமும் கோலாலம்பூரைப் பற்றி அப்பா அதன்பிறகு பேசியதில்லை. என்னால் அக்காவை அதற்காகத்தான் கடைசிவரை பொறுக்க முடியவில்லை.

அவள் நான்கு வருடம் ஆடினாள். பேங்காக், ஜகார்த்தா என்று போனாள். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அவள் படம் வந்த நாள்களில் அம்மா அந்தத் தாளை மட்டும் மடித்து எங்கோ வைத்துவிடுவார். நான் அலோர் காஜாவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தொண்ணூறுகள் முடியும் சமயத்தில், ஒரு மத்தியானம், நான் கோப்பு தேடிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. திரும்பாமலேயே தெரிந்துவிட்டது.

கிளேபாங் கடற்கரையில் சாலையோர இளநீர்க் கடைக்குப் போனோம். வலது தோளில் அறுவை செய்திருந்தாள். இளநீரை இடது கையால்தான் எடுத்தாள். தோள் வலியைத் தன் ஜோடியிடம் மட்டும் சொன்னதாகவும், அது கிளப்புக்குப் போய்ச் சேர்ந்ததாகவும், பெட்டியைக் கட்ட இரண்டு நாள் கொடுத்ததாகவும் மெதுவாகச் சொன்னாள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அலோர் காஜாவில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கப் போவதாகவும், நானும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டாள்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “பஸ்ஸுல ஏன் சொல்லல?”

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சொன்னா நீ அழுதிருப்ப. நீ அழுதிருந்தா நான் போயிருக்க மாட்டேன்” என்றாள். பிறகு, “எனக்குப் போகணும்னு இருந்துச்சு” என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். நான் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

பயிற்சியை அவள் தனியாகவே தொடங்கினாள். இன்றும் நடத்துகிறாள். என் மகள் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது வேறு இடங்களையெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் அக்காவைப்போல் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அது எனக்குத் தெரியாததா? அங்கேதான் சேர்த்தேன். சனிக்கிழமைகளில் வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்திருப்பேன். அக்காவும் வெளியே வருவதில்லை.

மகள் காரைவிட்டு இறங்குமுன் அவளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவேன். “எங்கயாச்சும் வலிச்சா மொதல்ல என்கிட்ட சொல்லு. கோச்சுகிட்ட சொல்லாத. கூட ஆடற பிள்ளைகிட்டயும் சொல்லாத.”

அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஏன் என்று இதுவரை கேட்கவில்லை.