தங்கையின் ஃபைலுக்கு நான் போட்ட எண்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன். குணமாகி வீட்டுக்குப் போனவர்களின் ஃபைல்கள் எங்கள் மேசைக்கு வரும். டாக்டர் முடிவாக எழுதிய நோயின் பெயரைப் பார்த்து, அதற்குரிய எண்ணைத் தடித்த புத்தகம் ஒன்றில் தேடிப் போடுவோம். கோடிங் என்பார்கள்.

குவீன்ஸ்டவுன் வீட்டில் அம்மா, நான், தங்கை மூன்று பேர்தான். தங்கைக்கு ஜூரோங்கில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை. தலைவலி, காய்ச்சல் என்று சில நாள் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வந்தாள். ஒருநாள் காலையில் அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு? எங்க வீட்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். பிறகு செருப்பை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். அந்த நேரம் பார்த்து உடம்பில் சூடு இல்லை. "ஏதோ மனக்கவலை, நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அம்மா அதைப் பிரிக்கவே இல்லை.

"நேத்து வரைக்கும் உடம்பு அனலா கொதிச்சுச்சு. கவலைக்குக் காய்ச்சல் வருமா? டாக்சிய கூப்பிடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே போனோம். அவசரப் பிரிவுக்குள் நுழையும்போதே தங்கைக்கு வலிப்பு வந்துவிட்டது. வலிப்பு அடங்கியதும், இளம் சீன டாக்டரம்மா ஒருவர், காய்ச்சல் முதலில் வந்ததா, பேச்சு மாறியது முதலில் வந்ததா என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "டெமாம் டூலு, டாக்டர்" என்றார். காய்ச்சல்தான் முதலில் என்று.

மூளையில் வீக்கம் இருக்கலாம், முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரெல்லாம் பயந்த காலம் அது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எடுக்கச் சொல்லு" என்றார்.

நீர் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. லேப்பில் வைத்துப் பார்த்ததில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை, காசநோயும் இல்லை. "வைரஸாத்தான் இருக்கணும். வலிப்பை அடக்குவோம், மூச்சைக் கவனிச்சுக்குவோம். மீதியை அவங்க உடம்புதான் செய்யணும்" என்றார் டாக்டர்.

தங்கை நினைவில்லாமல் கிடந்தாள். அம்மா தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருந்தார். கண் விழித்தபோது தங்கைக்கு எங்கள் முகம் தெரிந்தது, வார்த்தைகள்தான் தடுமாறின. கரண்டியைச் சீப்பு என்பாள். அம்மா சிரிக்கமாட்டார். "கரண்டி. சொல்லு" என்பார்.

அவள் வீடு திரும்பிய பிறகு அவளுடைய ஃபைல் எங்கள் ஆபீசுக்கு வந்தது. உடன் வேலை பார்த்த மலாய் அக்கா, "என்கிட்ட கொடு லா, நான் போடறேன்" என்றார். நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தில், நாங்கள் சொல்லி எழுதிய கிளினிக் டாக்டரின் 'நரம்புத் தளர்ச்சி' இருந்தது. முடிவில் 'மூளை அழற்சி' என்று மட்டும். வைரஸால் வந்தால் ஓர் எண், காரணம் தெரியாவிட்டால் வேறோர் எண். எனக்குத் தெரிந்ததை வைத்து நானாகப் போட முடியாது. ஃபைலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

டாக்டரம்மா நின்றபடியே எல்லாத் தாள்களையும் புரட்டினார். "எந்த வைரஸ்னு லேப்ல பிடிபடல. ஆனா மத்ததெல்லாம் இல்லைனு ஆயிடுச்சு. வைரஸ்தான், என் முடிவு அது" என்றார். 'வைரஸ் மூளை அழற்சி, எந்த வைரஸ் என்று தெரியவில்லை' என எழுதிக் கையெழுத்திட்டார். மேசைக்கு வந்து அதற்குரிய எண்ணைப் போட்டேன்.

வேலைக்குத் திரும்பியபோது, ஃபேக்டரியில் முதலில் அவளைப் பேக்கிங்கில்தான் போட்டார்கள். ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் பழைய வேலை மறந்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீணான பாகங்களை வைத்துக்கொண்டு தானாகவே ஈயம் வைத்துப் பழகினாள். விரலைச் சுட்டுக்கொண்டு வருவாள், மறுநாளும் பழகுவாள். சில மாதங்கள் கழித்து சூப்பர்வைசர் அவளைப் பழைய இடத்திலேயே உட்காரவைத்தார்.