வழுக்கையனின் வெள்ளைக் கால்

எங்கள் அண்ணிக்குச் சுத்தப் பைத்தியம். துடைத்த தரையையே மறுபடி துடைப்பாள். நான் சோற்றில் கை வைக்கும்போதே, "கை கழுவினியாடி?" என்று பிடித்துக்கொள்வாள். பறவைப் பூங்காவில் கூண்டு கழுவும் வேலை அவளுக்கென்றே செய்து வைத்தது. நானும் அங்கேதான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன். வீட்டிலும் தப்ப முடியாது, வேலையிலும் தப்ப முடியாது.

அவளுடைய செல்லம் ஒரு கிழட்டு நாரை. தலையில் முடி இல்லாததால் அதற்கு வழுக்கையன் என்று பெயர். என் அண்ணனைக்கூட அவள் அவ்வளவு குழைவாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இந்தக் கோடையில் வழுக்கையன் தன் காலிலேயே எச்சமிட ஆரம்பித்தான். தண்ணியாக, திரும்பத் திரும்ப. கருத்த கால்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிட்டன. அண்ணி தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி வெள்ளை.

"வயித்தால போகுதுடி இதுக்கு. இவ்வளவு தண்ணி குடிச்சா போகாம என்ன செய்யும்?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி."

"இதுக்கெல்லாம் டாக்டரா? நான் பிள்ளை வளர்க்கலையா?"

மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள்.

மத்தியானம் அவள் அலறியது வாசல்வரை கேட்டது. போட்டது போட்டபடி ஓடினேன். வழுக்கையன் மணலில் சரிந்து கிடந்தான். அலகு பிளந்திருந்தது, தொண்டை படபடவென்று துடித்தது. கால்கள் மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தன.

டாக்டர் வந்து காலைத் தொட்டதுமே கத்தினார். "இப்படிக் கொதிக்குதே! தண்ணித் தொட்டி எங்கம்மா?"

"வயித்தால போச்சு சார்... அதான் எடுத்துட்டேன்."

"அது சீக்கு இல்லம்மா. பறவைக்கு வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சூட்டைத் தணிச்சுக்கும். நாரை எச்சத்தை விட்டுக் காலையும் நனைச்சுக்கும். அந்த ஈரம் காயும்போது கால்ல ஓடுற ரத்தம் குளிரும். தண்ணியே இல்லாம அது எதை வச்சு நனைக்கும்?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, அது உயிரைக் காப்பாத்திக்கப் பார்த்திருக்கு. நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேனே! குடிக்கிற தண்ணியையும் பிடுங்கினேனே!"

டாக்டர் சொன்னபடி அதை நிழலுக்குத் தூக்கினோம். தொட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, காலில் தண்ணீர் ஊற்றினோம். அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

வெயில் தணியும் முன்பே வழுக்கையன் தள்ளாடி எழுந்தான். தொட்டியில் அலகை விட்டுக் குடித்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சர்ரென்று அடித்தான். பாதி அவன் காலில், பாதி அண்ணியின் புடவையில்.

நான் அவசரமாக வாளியை எடுத்தேன். "தொடாதடி!" என்று என் கையைத் தட்டிவிட்டாள். அந்தப் புடவையோடு அப்படியே மணலில் உட்கார்ந்து கதறி அழுதாள்.

"போடு ராசா... இன்னும் நல்லாப் போடு."