பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு கம்பி

எண்பதுகளின் நடுவில் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். மலேசியாவில் ஜெஞ்சாரோம் என்ற சிறிய ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் பலகை வீடு. சிகிச்சைக்குக் கோலாலம்பூர் போக வேண்டும். என்னிடம் இருந்தது அறுபதுகளில் வந்த ஒரு பழைய இங்கிலீஷ் கார். ஆசைப்பட்டு வாங்கியது. ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். வழியில் கிள்ளான் நகரத்து ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலும், பின்சீட்டில் படுத்திருக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள்.

நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரையாவது சரிசெய்யலாம் என்று நினைத்தேன்.

வொர்க்‌ஷாப் வைத்திருந்த என் நண்பன், "பின்னால ஸ்வே பார் போட்டுடுலா. ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கும், சாயாது" என்றான். பழைய இரும்புக் கடையில் வேறொரு காரின் கம்பியைத் தேடி எடுத்தோம். தடித்த கம்பி, இரு முனையும் வளைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் நுழைந்தோம். துளை போட்ட இடத்தில் தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. நண்பன் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். கம்பி உரசாமலிருக்க நான் ரப்பர் புஷ்ஷைச் செருகி போல்ட்டை இறுக்கினேன். ஜன்னலில் நின்றிருந்த அவள், "ஏங்க, ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு செய்யக்கூடாதா?" என்றாள். அவளுக்குக் கஞ்சிகூட இறங்காத நாட்கள் அவை.

அந்த வாரம் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். மெயின் ரோட்டுக்குப் போகும் தோட்டத்து மண் ரோடு முழுக்க லோரிகள் பறித்த குழிகள். முன்பெல்லாம் அவற்றில் கார் மெதுவாக இறங்கி ஏறும். இப்போது ஒரு சக்கரம் குழியில் விழுந்தால், கம்பி மறுபக்கச் சக்கரத்தையும் இழுத்தது. கார் இடமும் வலமுமாக உதறியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினாள்.

நிறுத்தினேன். பிறகு நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். அப்போதும் முனகினாள்.

கிள்ளானில் கார் சாயவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் கன்னமெல்லாம் ஈரம். "இப்ப சாயலங்க" என்றாள், எனக்காக.

திரும்பி வரும்போது மண் ரோட்டு முனையில் இறங்கிக்கொண்டாள். என் தோளைப் பிடித்தபடி, பனைக்குப் பனை நின்று நின்று வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாளே கம்பியைக் கழற்றி எறிந்தேன். "கழட்டிட்டேன், இனிமே பழைய மாதிரியே இருக்கும்" என்றேன்.

"பழைய மாதிரியா?" என்று சிரிக்கப் பார்த்தாள். "போதும்ங்க. இனிமே என்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்க."

கெஞ்சினேன், கோபப்பட்டேன், அழுதேன். அவள் மாறவில்லை. காரினால்தானா, இல்லை முன்பே முடிவு செய்துவிட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் துணியவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அதுவரை, மருத்துவமனைக்குப் போகவேண்டிய காலைகளில் காரை ஸ்டார்ட் செய்து வைத்துக் காத்திருப்பேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வரும்:

"ஆஃப் பண்ணிடுங்க. வந்து பக்கத்துல உட்காருங்க."