மூன்று கடை தள்ளி

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் மருந்துக் கடையை அதே வரிசையில் மூன்று கடை தள்ளி மாற்றினோம். சாமி படத்தோடு, மருந்தாளரான என் மனைவியின் பெயரிலிருந்த லைசென்ஸையும் நானே தூக்கிவந்து சுவரில் மாட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அதுல பழைய கடை நம்பர்தானே இருக்கு? புதுசு வர்ற வரைக்கும் இருமல் மிட்டாய்தான் விக்கலாம் லா."

மூன்று கடை என்பது அந்தக் காகிதத்துக்கு வேறு ஊர். அவள் மருந்து அலமாரியைப் பூட்டினாள்.

மறுநாள், மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு வரும் ஆன்டி பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். வீட்டில் இரண்டு நாளைக்குத்தான் மாத்திரை இருந்தது.

"எதிர்த்த மருந்துக் கடையில வாங்கிக்குங்க ஆன்டி," என்றாள் என் மனைவி.

"அவருக்கு என்னைத் தெரியாதே. நான் காத்திருக்கேன்மா."

"நீங்க காத்திருப்பீங்க, சர்க்கரை காத்திருக்காது. வாங்க."

கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள். எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவரை அவளே கொண்டுபோய் விடுவதை, வெயிலில் கண்களைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்தவரிடம் அளவையும், எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் அவளே சொன்னாளாம்.

திரும்பி வந்த ஆன்டி பையைத் திறந்து காட்டினார். பத்து நாளைக்கு மட்டும் வாங்கியிருந்தார்.

"மிச்சத்துக்கு இங்கதான் வருவேன். அதுக்குள்ள உங்க பேப்பர வரச் சொல்லு தம்பி."