கீழ் லயத்துச் சாவி

இரண்டு வருடங்களுக்கு முன், மாசிக் கடைசியில் நடந்தது இது. கண்டிப் பக்கம் மழையைக் கண்டு பல கிழமைகள் ஆகியிருந்தன. இடம், கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம்.

நான் ஒரு மொழிபெயர்ப்பாளர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கலியாணம் முடித்துக் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள குண்டசாலைக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழியிலும் இவளுக்கு வாய் ஓயாது என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் கிழமை பேராதனையில் ஒரு கூட்டம். ஐரோப்பாவின் நான்கைந்து நாடுகளிலிருந்து நீர்வள அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஓர் ஆறு எத்தனை நாட்டு எல்லையைக் கடந்தாலும், ஊற்றிலிருந்து கடல் வரை அதை ஒரே ஆறாகவே பார்த்துத் திட்டம் போட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறதாம். சட்டம் இருந்தாலும் மேலே உள்ளவனுக்கும் கீழே உள்ளவனுக்கும் இழுபறி தீர்ந்தபாடில்லை. ரைன் ஆறு கடைசியில் எங்களிடம்தான் வருகிறது, மேலே உள்ளவர்கள் விட்டதுதான் எங்களுக்கு என்று நெதர்லாந்துக்காரர் குறைபட்டார். ஆற்றுக்கு மேலே உள்ள ஸ்பெயின்காரரும் கீழே உள்ள போர்த்துக்கல்காரரும் வறட்சியில் எந்த அணையை எப்போது திறப்பது என்று தேநீர் நேரத்திலும் விடாமல் வாதாடினார்கள். எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் வெளியே புறப்பட்டோம். மூன்று இடங்களைப் பார்த்து, அதில் ஒன்றுக்கு அவர்கள் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. கலஹாத் தோட்டம் அந்த மூன்றில் ஒன்று.

மலை உச்சியில் ஓர் ஊற்று. பக்கத்தில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி. அதிலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு இரண்டு குழாய்கள் இறங்கின, ஒன்று மேல் லயத்துப் பீலிக்கு, மற்றது கீழ் லயத்துப் பீலிக்கு. குடிக்க, குளிக்க, துவைக்க என்று லயத்துச் சனம் எல்லாவற்றுக்கும் நம்பியிருப்பது அந்தப் பீலியில் விழும் தண்ணீரைத்தான். தொட்டியோ வெடித்துப் பாதித் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வறட்சியில் அதைப் பார்க்க வயிறு எரிந்தது. எப்படியாவது புதுத் தொட்டி இவர்களுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன். வினையே அங்கேதான் தொடங்கியது.

மழை இல்லாத காலத்தில் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்று நெதர்லாந்துக்காரர் கேட்டார். பதில் சொல்லக் கீழ் லயத்திலிருந்து ஒரு பெண் முன்னே வந்தார். கொழுந்து பறிப்பவர், நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்.

“ரெண்டு குழாய் வால்வும் இந்தப் பெட்டிக்குள்ளதாங்க இருக்கு. பூட்டித்தான் வச்சிருக்கோம். சாவி எங்க கீழ் லயத்துல இருக்கும். முந்தி ஒரு வறட்சியில மேல் லயத்து ஆளுக எல்லாத் தண்ணியையும் அவுங்க பக்கமே திருப்பிக்கிட்டாங்க. குடத்தாலயே அடிச்சிக்கிட்டோம். பொலிஸ் வரைக்கும் போச்சி. அதுக்கப்புறந்தான் இந்த ஏற்பாடு.”

தாலிக்கொடியில் ஊசியோடு சேர்த்து மாட்டியிருந்த சாவியை வெளியே எடுத்துக் காட்டினார்.

எனக்குப் பகீரென்றது. குடத்தால் அடித்தோம், பொலிசுக்குப் போனோம் என்றால் யார் தொட்டி கட்டிக் கொடுப்பார்கள்? வந்த விருந்தாளிக்கு முன்னால் வீட்டுச் சண்டையை மூடி மறைப்பது நம் இரத்தத்தில் ஊறியது. நான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: இரண்டு லயத்துக்கும் சேர்த்து ஒரு குழு இருக்கிறது, கிழமைக்கு ஒரு முறை கூடுவார்கள், கொப்பியில் பதிந்து ஒற்றுமையாகப் பிரித்துக்கொள்வார்கள். நாக்குக் கூசவே இல்லை.

நெதர்லாந்துக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, அந்தக் கொப்பியைப் பார்க்கலாமா என்றார்.

“அக்கா, ஏதும் கொப்பி கிப்பி இருக்கோ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேரே அவர் பக்கம் திரும்பினார்.

“நோ புக், சேர். நோ கமிட்டி. ஒன்லி கீ.”

எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. நான் அவிழ்த்துவிட்ட பொய் முழுவதும் அவருக்கு விளங்கியிருக்கிறது!

“அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமோ?”

“சைப்ரஸ்ல ஏழு வருஷம் வீட்டு வேல செஞ்சேங்க மிஸ். அங்கயும் கோடையில தண்ணிய அளந்துதான் விட்டாங்க. தண்ணிச் சண்டை இந்த வெள்ளக்காரங்களுக்கும் தெரியும். நீங்க வெக்கப்படாம உள்ளதச் சொல்லுங்க.”

இனி மறைக்க என்ன இருக்கிறது? குழுவும் கொப்பியும் நானாகச் சேர்த்தவை, என்னை மன்னிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். நெதர்லாந்துக்காரரின் முகம் இறுகியது. இவர்களுக்குக் கிடைக்க இருந்த தொட்டியை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பெண் சொன்னதை ஒரு சொல் விடாமல் திரும்பச் சொல்லும்படி கேட்டார். குடத்தையும் பொலிசையும் சேர்த்தே சொன்னேன். சாவி கீழே இருந்தால் கீழ் லயத்தவர்கள் முழுத் தண்ணீரையும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

அந்தப் பெண் சிரித்தார். “முடியாதுங்க. வால்வத் தொறக்க நான் மேல் லயத்து வாசல் வழியாத்தான் ஏறி வரணும். எவ்வளவு திருப்புறேன்னு அவுங்க ஆளு ஒண்ணு கூடவே வந்து பாத்துக்கிட்டு நிக்கும். சாவி கீழ, கண்ணு மேல. எங்க லயத்துக்குள்ள வருஷத்துக்கு ஒரு வீடுன்னு சாவி கை மாறும். இப்படி வச்ச நாள்லேருந்து ஒரு குடம் ஒடையல.”

“கூடத் திருப்பினா விட்டுருவமா?” என்று மேல் லயத்துப் பெண்ணொருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் போர்த்துக்கல்காரர் ஸ்பெயின்காரருக்கு முன்னால் போய், சாவியைக் கொடு என்பதுபோல உள்ளங்கையை நீட்டினார். ஸ்பெயின்காரர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக் கையை விரித்தார். மலையே அதிரும்படி ஒரு சிரிப்பு. நெதர்லாந்துக்காரர் மட்டும் சிரிக்காமல் அந்தப் பெட்டியையும் வால்வையும் தன் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர்கள் பேசியும் முடியாத விஷயத்தை நம் சனம் ஒரு பூட்டோடு முடித்து வைத்திருந்தது. என் நெஞ்சு அன்றைக்கு நிமிர்ந்ததுபோல் அதற்கு முன் நிமிர்ந்ததில்லை.

தொட்டி அவர்களுக்கே கிடைத்தது. அடுத்த வருடம் திறப்பு நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். புதுப் பெட்டியின் பூட்டுக்கு இரண்டு சாவிகள். வந்திருந்த அரசாங்க அதிகாரி நியாயமாக நடப்பதாக நினைத்து, ஒன்றை மேல் லயத்துக்கும் ஒன்றைக் கீழ் லயத்துக்கும் கொடுத்தார். அன்று பின்னாலிருந்து குரல் கொடுத்த அதே மேல் லயத்துப் பெண்தான் சாவியை வாங்கினார். வாங்கிய கையோடு அதை, அந்த வருடம் சாவி முறை வந்திருந்த கீழ் லயத்துப் பெண்ணிடம் நீட்டினார்.

“ரெண்டு சாவி வேணாங்க. அப்புறம் மறுபடியும் கொடந்தான்.”

என்ன சொல்கிறார் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். குடத்தையும் விடாமல் சொன்னேன்.

இன்றைக்கும் யாருக்காவது மொழிபெயர்க்கும்போது, நம்மவர்களைக் கொஞ்சம் மெழுகிக் காட்டினால் என்ன என்று நாக்குத் துடிக்கும். அப்போதெல்லாம் தாலிக்கொடியில் ஆடிய அந்தச் சாவி கண்ணுக்குள் வரும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு நிமிர்ந்தே நிற்பேன்.