முருகன் கொடுத்த பந்து

என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் புட்போல் விளையாடினான்; காலால் உதைக்கிறது இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற புட்போல். அந்த நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பந்தைத் தொட்டான். அந்தக் கதையை அம்மா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியோடு சேர்த்தே பரிமாறுகிறார்.

நாங்கள் அப்போது ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அண்ணனுக்கு அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். ஒன்பதாம் வகுப்பிலேயே அவனுடைய தோளையும் தொடையையும் பார்த்துவிட்டு அணியின் கோச் அவனைத் தடுக்கிற முன்வரிசையில் நடுவில் நிறுத்திவிட்டார். எதிரணி பந்தை எடுத்தவுடன், முன்னால் குந்தியிருக்கும் தடியனை முட்டித் தள்ளி, பந்தோடு ஓடி வருகிறவனுக்கு வழி இல்லாமல் பண்ணவேண்டும். அவ்வளவுதான் அவனுடைய வேலை. அதைச் செய்வதற்குப் பந்து தேவையில்லை, உடம்புதான் தேவை. அண்ணனும் புட்டும் கோழிக்கறியுமாக அந்த உடம்பை ஒழுங்காக வளர்த்து வைத்திருந்தான்.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. அவருக்கு வேலையில் லீவு கிடைக்காது, மைதானப் பக்கம் போனதில்லை. அண்ணன் போனில் காட்டுகிற வீடியோக்களைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்.

"உவை ஏன் உனக்கு மட்டும் பந்து தருகினமில்லை?"

"அது என்ரை வேலை இல்லை அம்மா."

அம்மா நம்பவில்லை. பிள்ளை பெருந்தன்மையாகப் பேசுகிறான், கோச்தான் ஓரவஞ்சனை செய்கிறார் என்று அப்பாவிடம் முறைப்பட்டார். அப்பா டாக்சி ஓட்டிவிட்டு வந்து அரைத் தூக்கத்தில் இருந்ததால் ஓம் என்றார்.

அந்த வருடம் அவர்களுடைய அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அண்ணனைப் பார்க்கவென்றே ஒரு யூனிவர்சிட்டி கோச் வருவதாகச் செய்தி வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது. அண்ணன் அன்று வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தான். அம்மாவுக்கோ வேறு கவலை. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற மனிதர், பந்தையே தொடாத பிள்ளையைப் பார்த்து என்ன நினைப்பார்? நேரே கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். அண்ணன் கந்தசஷ்டி விரதம் இருப்பான், பதிலுக்கு முருகன் அவன் கையில் பந்து கிடைக்கப் பண்ணவேண்டும். இறுதி ஆட்டம் விரதத்தின் ஐந்தாம் நாளில் வந்தது.

"அம்மா, சாப்பிடாமல் விளையாட ஏலாது. அவர் என்ரை உடம்பைத்தான் பாக்க வாறார்."

"உடம்பு ஆருக்கடா இல்லை? நான் முருகனுக்குச் சொல்லிப்போட்டன். பாலும் பழமும் இருக்குத்தானே."

விரதத்தின் முதல் நாள் அண்ணன் கையை நீட்ட, ஐயர் காப்புக் கட்டிவிட்டார். பின்னேரம் ஒரு தம்ளர் பாலும் வாழைப்பழமும். நடுவில் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பான், மூடுவான். பிளாசாவில் அப்பா எனக்கு வாங்கித் தந்த மரக்கறி றோலில் பாதியை அவனுக்கென்று ஒளித்துக் கொண்டுவந்தேன்.

"அம்மாக்குத் தெரியாது, சாப்பிடு."

"காப்புக் கட்டியிருக்கு. நீ சாப்பிடு" என்றான். நானே சாப்பிட்டேன்.

ஆட்டத்தன்று அம்மா முதல்முறையாக லீவு எடுத்தார். குளிர் ஜாக்கெட்டுக்குள் விபூதிப் பொட்டலத்தோடு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூனிவர்சிட்டி கோச் நீலத் தொப்பியோடு பார்வையாளர் முன்வரிசையில் இருந்தார். அண்ணன் எங்களுக்கு அவரைக் காட்டித் தந்தான். காப்பின்மேல் வெள்ளை டேப் சுற்றியிருந்தான். தொடங்கின கையோடே எதிரில் நின்றவன் அவனைத் தள்ளு தள்ளென்று தள்ளினான். எழும்புவதற்குக்கூட நேரம் எடுத்தது. பிறகு அண்ணனின் கோச் அவனை வெளியே கூப்பிட்டு மைதான ஓரத்து வாங்கிலில் இருத்திவிட்டார். பாதி ஆட்டத்தில் நீலத்தொப்பி எழுந்து கார் நிற்கிற பக்கம் போனார். பாவம், குளிராக்கும் என்று நினைத்தேன். அவர் திரும்பி வரவில்லை.

கடைசியில் அண்ணனை மறுபடி இறக்கினார்கள். முதல் மோதலிலேயே மல்லாந்து விழுந்தான். பந்தோடு ஓடி வந்தவன் அவனுடைய காலில் தடுக்கி விழ, பந்து நழுவி உருண்டு அவன் நெஞ்சுப் பக்கம் வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். சனம் கத்தியது. அம்மா "முருகா!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி திடுக்கிட்டுப்போனாள்.

யூனிவர்சிட்டியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவர்கள் கூப்பிட்டதாகவும் தனக்குத்தான் தூரம் போக விருப்பமில்லை என்றும் அண்ணன் அம்மாவிடம் சொன்னான். இப்போது மோர்னிங்சைட்டில் வீடு வாங்கி, கடைகளுக்குப் பாண் கொண்டுபோகிற லொறி ஓட்டுகிறான். அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது அவனும் பக்கத்தில் இருந்து தலையாட்டுவான். நான்தான் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன்.

அன்று ஆட்டம் முடிந்து அப்பாவின் டாக்சியில் வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார்.

"நீ பந்து பிடிச்சதை அவர் வடிவாப் பாத்தவர்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனின் பெரிய கை என் கையைப் பொத்திப் பிடித்தது.

"ஓம் அம்மா. பாத்தவர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரதத்தில் இருந்துகொண்டு இப்படிப் பச்சைப் பொய் சொல்கிறானே, இத்தனை நாள் பட்டினி கிடந்ததெல்லாம் வீணாய்ப் போகப்போகிறதே என்று வீடு வரும்வரை நான் அவனோடு பேசவில்லை.